படகின் மேல் ஒரு கோடு

பெங்களூரின் அல்சூர் ஏரியில் அலையும் இல்லை, சுழலும் இல்லை. கரையில் எங்கே நின்றாலும் எதிர்க்கரை தெரியும். சோமேசுவரர் கோயிலுக்கு வந்தவர்களும், திருவள்ளுவர் சிலையருகே படம் எடுத்துக்கொண்டவர்களும் குழந்தைகளின் நச்சரிப்பு தாங்காமல் படகுத்துறைப் பக்கம் எட்டிப்பார்ப்பது இங்கே காலங்காலமாக நடப்பதுதான். இத்தனை அமைதியான தண்ணீரில் படகு மூழ்குமா என்ற கேள்வி யாருக்கும் எழும். அதற்கான பதிலை வடோதரா நகரின் ஹர்ணி ஏரி சொல்லிவிட்டது. அதுவும் ஊருக்கு நடுவே, பொழுதுபோக்குக்காக அழகுபடுத்தப்பட்ட, அலையில்லாத ஏரிதான். 2024 ஜனவரி 18 அன்று பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகளை ஏற்றிய படகு அங்கே மூழ்கியது. 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். அந்தப் படகு 14 பேருக்கானது. ஏறியிருந்தவர்கள் அதைப் போல இரண்டு மடங்கு. உயிர்காக்கும் அங்கி, அதாவது லைஃப் ஜாக்கெட், அணிந்திருந்தவர்கள் சுமார் பத்துப் பேர்தான். புயல் இல்லை, வெள்ளம் இல்லை, மோதல் இல்லை. சுமையும் சாய்வும் மட்டுமே போதுமானதாக இருந்தன.

இது எங்கோ குஜராத்தில் நடந்தது என்று தள்ளிவிட நம்மால் முடியாது. இந்தக் கணக்கில் தமிழர்கள் ஏற்கெனவே நிறையக் கொடுத்துவிட்டோம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ கவிழ்ந்து 45 பேர் இறந்தபோது அதில் தமிழ்நாட்டுக் குடும்பங்களும் இருந்தன. 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் போன மீன்பிடிப் படகு கவிழ்ந்து, பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள். 2014 குடியரசு நாளில் அந்தமானில் ‘அக்வா மரீன்’ மூழ்கி 21 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் காஞ்சிபுரத்திலிருந்து சுற்றுலா போனவர்கள். 25 பேருக்கு அனுமதி பெற்ற அந்தப் படகில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். கர்நாடகத்திலேயே, 2019 ஜனவரியில் கார்வார் அருகே கூர்மகட் தீவின் திருவிழாவுக்குப் போய்த் திரும்பிய படகு கவிழ்ந்து 16 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் 22 பேர். அதுவும் மீன்பிடிப் படகை மாற்றியமைத்து, கொள்ளளவை மீறி ஆள் ஏற்றிய படகு. ஒவ்வொரு முறையும் நடப்பது ஒன்றுதான். விசாரணை ஆணையம் அமைப்பார்கள், சில நாள் படகுச் சவாரியை நிறுத்துவார்கள், புதிய லைஃப் ஜாக்கெட் வாங்குவார்கள், பிறகு பழையபடி ஓடும். இத்தனை ஆண்டுகளில் ஒரு கேள்வி மட்டும் சரியாகக் கேட்கப்படவில்லை என்பது என் எண்ணம். இந்தப் படகில் இப்போது சுமை கூடிவிட்டதா என்று படகுத்துறையில் நிற்கும் சாதாரண மனிதருக்கு எப்படித் தெரியும்?

கண்ணால் பார்த்துத் தெரியாது. ஏன் தெரியாது என்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் கொண்ட ஒரு ஏரிப் படகு தண்ணீரில் ஏறத்தாழ ஐந்து சதுர மீட்டர் பரப்பை அடைத்துக்கொண்டு நிற்கும். எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அதன் நடுவில் ஏறி உட்கார்ந்தால் படகு ஒன்றரை சென்டிமீட்டர் மட்டுமே கீழே இறங்கும். இன்னும் ஒருவர் ஏறினால் இன்னொரு ஒன்றரை சென்டிமீட்டர். இதைப் பார்த்து எந்தப் படகோட்டிதான் பயப்படுவார்? ‘இன்னும் ரெண்டு பேர் வாங்க’ என்று கூப்பிடத்தான் தோன்றும். ஆபத்து அந்த நேர் இறக்கத்தில் இல்லை, சாய்வில் இருக்கிறது. அதே படகில் எட்டுப் பேர் இருக்கும்போது நாலு பேர் வாத்தைப் பார்க்கவோ செல்ஃபி எடுக்கவோ ஒரே பக்கமாக அரை மீட்டர் நகர்ந்தால் அந்தப் பக்கத்து விளிம்பு ஏறத்தாழ ஒரு சாண் இறங்கிவிடும். எழுந்து நின்றால் இன்னும் அதிகம். ஆள் ஏற ஏற, தண்ணீருக்கு மேலே நிற்கும் விளிம்பின் உயரம் அந்தச் சாணைத் தாங்க முடியாத அளவுக்குக் குறைந்துகொண்டே வரும். தேக்கடியில் கரையோரத்துக் காட்டெருமைகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டதும் படகு சாய்ந்தது என்று அப்போது செய்திகள் சொல்லின. 75 பேருக்கான ஈரடுக்குப் படகுக்கே அந்தக் கதி.

விளிம்பு தண்ணீரைத் தொட்ட பிறகு நடப்பது இன்னும் கொடுமையான கணக்கு. ஒரு மீட்டர் நீளத்துக்கு விளிம்பு ஐந்து சென்டிமீட்டர் மட்டும் அமிழ்ந்தால் போதும், நொடிக்கு இருபது லிட்டர், அதாவது ஒரு பெரிய வாளி தண்ணீர் உள்ளே வரும். அரை நிமிடத்துக்குள் அரை டன். அந்த ஐந்து சதுர மீட்டர் படகில் கணுக்கால் நனையும் அளவுக்குப் பத்து சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே எடை 500 கிலோ. டிக்கெட் இல்லாமல் ஏழு பேர் ஏறிவிட்டார்கள் என்று அர்த்தம். ஆனால் உட்கார்ந்திருக்கும் ஏழு பேரைப் போல அந்தத் தண்ணீர் ஓரிடத்தில் அடங்கி இருக்காது. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிச் சேர்ந்து சாய்வை வளர்க்கும். படகு தானாக நிமிரும் திறனைப் பெருமளவு அழித்துவிடும். தண்ணீர் மேல் விளிம்பு வழியாகத்தான் வர வேண்டும் என்பதுமில்லை. இஞ்சின் மாட்டுவதற்காகப் பின்பலகையைத் தாழ்வாக வெட்டியிருப்பார்கள். வேகமாகப் போன படகைச் சட்டென்று நிறுத்தினால் தன் பின்னால் எழுப்பிய அலையே அந்தப் பலகை மீது ஏறிவரும். பின்பக்கத்திலிருந்து நங்கூரம் போட்டாலும் அதே நிலை. தண்ணீர் வடிக்கும் துளையின் அடைப்பானை மாட்ட மறந்தாலோ, ஃபைபர் அடிப்பகுதியில் விரிசல் இருந்தாலோ, அடிப்பலகைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீர் சேர்ந்துகொண்டே இருக்கும். படகு காலையில் இருந்ததைவிட மாலையில் இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கும். கூட்டம் வருவதோ மாலையில்.

‘இத்தனை பேர் மட்டும்’ என்று படகில் எழுதி வைக்கும் எண் இதனால்தான் போதாது. அதை யாரும் மதிப்பதில்லை என்பது பாதிக் காரணம். மதித்தாலும் அந்த எண் உண்மையைச் சொல்வதில்லை என்பது மீதி. மடியில் இருக்கும் குழந்தை கணக்கில் வராது. அரை டிக்கெட் அரை ஆளாகிவிடும். சாப்பாட்டுக் கூடையும் தண்ணீர் கேனும் எந்தக் கணக்கிலும் இல்லை. அடியில் தேங்கிய தண்ணீர் யாருக்கும் தெரியாது. எண்ணிக்கை என்றாலே பேரம் பேச இடமுண்டு. படகின் வெளிப்புறத்தில் சாயத்தால் இழுத்த ஒரு கோட்டோடு பேரம் பேச முடியாது. சுமை ஆட்களால் கூடினாலும், மூட்டையால் கூடினாலும், விரிசல் வழியே புகுந்த தண்ணீரால் கூடினாலும் கோடு மூழ்கும். கோடு மூழ்கினால் படகு கிளம்பக் கூடாது. இதைப் புரிந்துகொள்ளப் படகைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. துறையில் நிற்கும் பத்து வயதுப் பிள்ளைகூடப் பார்த்துச் சொல்லலாம். ஏறப்போகும் தாய் சொல்லலாம். காரணம் எதுவானாலும் விளைவைக் காட்டும் ஒரே அளவுகோல் இதுதான். அதனால்தான் லைஃப் ஜாக்கெட்டுக்கு முன்னால் இதைக் கேட்க வேண்டும் என்கிறேன்.

இது புதிய யோசனை இல்லை. பெரிய கப்பல்களுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. இங்கிலாந்தில் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றி, மூழ்கினால் காப்பீட்டுப் பணம் வரும் என்று பழைய கப்பல்களைக் கடலுக்கு அனுப்பிய காலம் ஒன்று இருந்தது. மாலுமிகள் அவற்றைச் சவப்பெட்டிக் கப்பல்கள் என்றார்கள். டெர்பி நகரின் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் 1873இல் இதைப் பற்றி நூல் எழுதினார். 1875இல் மசோதாவைத் தள்ளிப்போட்டபோது அவையிலேயே கொதித்தெழுந்து கப்பல் முதலாளிகளை வில்லன்கள் என்றார். 1876இல் சட்டம் வந்தது. ஒவ்வொரு கப்பலின் விலாவிலும் சுமைக்கோடு வரைய வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது: கோட்டை எங்கே வரைவது என்பதை முதலாளியின் விருப்பத்துக்கே விட்டிருந்தது. வேண்டிய உயரத்தில் வரைந்துகொண்டு வேண்டிய அளவு ஏற்றினார்கள். கோட்டின் இடத்தை அரசே நிர்ணயிக்கும் நிலை 1890இல்தான் வந்தது. 1930இல் அது உலக ஒப்பந்தமானது. அந்த இடைப்பட்ட பதினான்கு ஆண்டுகள் நமக்குச் சொல்லும் பாடம் மிகத் தெளிவானது. கோடு மட்டும் போதாது. படகை ஓட்டிப் பணம் பார்ப்பவர் கையில் அந்தத் தூரிகை இருக்கக் கூடாது. சிறிய படகுகளுக்கு அமெரிக்கா 1971இல் சட்டம் இயற்றி, இருபது அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில் எடையும் ஆள் எண்ணிக்கையும் பொறித்த தகடு இருக்க வேண்டும் என்ற முறைக்கு வந்தது. தகடு இல்லாத படகுக்கு அங்கே ஒரு எளிய வாய்பாடு சொல்வார்கள்: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கிப் பதினைந்தால் வகுக்க வேண்டும். நான் மேலே சொன்ன நான்கு மீட்டர் படகுக்கு அது நான்கு பேர். நம் ஏரிகளில் அந்த அளவுப் படகில் எத்தனை பேரைப் பார்க்கிறோம் என்பதை வாசகர்கள் நினைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

லைஃப் ஜாக்கெட் இருக்கும்போது கோடு எதற்கு என்பது முதல் ஆட்சேபம். ஜாக்கெட் கட்டாயம் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் ஆண்டு அறிக்கைகளில், படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஜாக்கெட் அணியாதவர்கள் என்பது திரும்பத் திரும்ப வரும் செய்தி. ஆனால் ஜாக்கெட் வேலை செய்யத் தொடங்குவது படகு தோற்ற பிறகுதான். அரை நிமிடத்தில் அரை டன் தண்ணீர் ஏறும் இடத்தில் இருக்கைக்கு அடியில் கட்டிவைத்த ஜாக்கெட்டை எடுத்து மாட்ட நேரம் இருக்காது. ஈரமாக இருக்கிறது, நாறுகிறது, படத்தில் நன்றாக இல்லை என்று கழற்றிவிடும் ஜாக்கெட்டும், மூன்று வயதுக் குழந்தைக்கு மாட்டி இடுப்புப் பட்டை கட்டாமல் விட்ட பெரியவர் அளவு ஜாக்கெட்டும் காப்பாற்றாது. பின்னதில் குழந்தை கீழே நழுவிவிடும், ஜாக்கெட் மட்டும் மிதக்கும். கூரையும் கண்ணாடிச் சன்னலும் வைத்த படகு மூழ்கினால் ஜாக்கெட் போட்டவரைத் தண்ணீரே கூரையோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். ஆகவே முதல் காவல் விளிம்பின் உயரம், இரண்டாம் காவல் ஜாக்கெட். இரண்டாவதை வாங்கிவிட்டு முதலாவதை மறப்பதுதான் நம் நிர்வாகங்களின் வழக்கமாகிவிட்டது. வாங்கிய ஜாக்கெட்டுக்கு ரசீது இருக்கும், தணிக்கையில் காட்டலாம். ஏற்றாமல் விட்ட இரண்டு ஆட்களுக்கு ரசீது கிடையாது.

அடுத்த ஆட்சேபம் பிழைப்பைப் பற்றியது. இது நியாயமானது, மரியாதையோடு பதில் சொல்ல வேண்டியது. ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுபவருக்கோ முகத்துவாரத்தில் படகு வைத்திருப்பவருக்கோ ஆண்டில் பல நாள் வருமானம் இல்லை. வெள்ளம் வந்தால் பரிசலுக்குத் தடை, மழை என்றால் கூட்டம் இல்லை. விடுமுறை நாளில் கூடுதலாக ஏற்றும் இரண்டு பேர்தான் அவர் வீட்டுச் செலவு. அவரைக் குற்றவாளியாக்கிப் பேசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. தவறு கட்டண முறையில் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று வாங்கும்வரை ஒவ்வொரு கூடுதல் தலையும் லாபம்தான். படகுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அந்த ஆசைக்கே இடமில்லை. ஊட்டி போன்ற ஏரிகளின் படகு இல்லங்களில் இருவர் படகு, நால்வர் படகு என்று படகுக்கே கட்டணம் வைப்பது நாம் அறிந்த முறைதான். அதை எல்லாத் துறைகளுக்கும் கொண்டுபோகலாம். ஆள் குறைவதால் கட்டணம் சற்று ஏறும், ஏறட்டும். ஒரு குடும்பம் கூடுதலாகக் கொடுக்கும் நூறு ரூபாய் படகோட்டியின் கைக்குப் போனால் அந்தக் கோட்டுக்கு அவரே காவலாக இருப்பார்.

சுமை சரியாக இருந்தாலும் அலையில் படகு கவிழாதா என்று கேட்கலாம். கவிழும். பழவேற்காட்டைப் போன்ற முகத்துவாரத்திலும் அந்தமான் கடலிலும் ஒரு கோடு மட்டும் யாரையும் காப்பாற்றாது. அங்கே காற்றைப் பார்த்துப் படகை நிறுத்தும் அதிகாரமும் துணிவும் உள்ள ஒருவர் கரையில் இருக்க வேண்டும். இருட்டிய பிறகு கோடு கண்ணுக்கே தெரியாது. தானூர்ப் படகு மாலை மயங்கிய நேரத்தில் போனது. எனவே சூரியன் மறையும் முன் கடைசிப் படகு கரை சேர வேண்டும் என்ற விதியும் சேர்ந்தே வர வேண்டும். மீன்பிடிப் படகின் மேல் மாடி கட்டிச் சுற்றுலாப் படகாக்கினால் கோடு மேலே இருந்தும் படகு கவிழலாம், ஏனென்றால் எடை உயரத்துக்குப் போய்விட்டது. விநாயகர் ஊர்வலத்தில் இரண்டு படகை இணைத்துச் சிலையை ஏற்றுவதும் அதே ஆபத்துதான். போபாலில் 2019 செப்டம்பரில் அப்படி 11 இளைஞர்கள் போனார்கள். இந்த வரம்புகளை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: இங்கே நான் சொன்ன பெரும்பாலான விபத்துகளில் படகு அளவுக்கு மீறி ஏற்றப்பட்டிருந்தது. மற்றக் காரணங்கள் அதற்கு மேல் வந்து சேர்ந்தவை. கொஞ்சம் காற்று, கொஞ்சம் நெரிசல், கொஞ்சம் பதற்றம் இவற்றையெல்லாம் தாங்கிக்கொள்ள விளிம்பில் மிச்சம் இருந்திருந்தால் பல குடும்பங்கள் வீடு திரும்பியிருக்கும்.

தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லியாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. முதலில் யாரும் எழக் கூடாது. எழுந்தால் படகு முடிந்தது. இருக்கையைவிட்டு அடிப்பலகையிலேயே நடுவில் உட்கார்ந்துவிடுவது இன்னும் நல்லது. இஞ்சினைச் சட்டென்று நிறுத்தாமல் மெல்லக் குறைத்து, முன்பக்கத்தை அலைக்கு நேராகத் திருப்பி, அருகிலுள்ள கரைக்குப் போக வேண்டும். படகு நிரம்பிவிட்டாலும், கவிழ்ந்துவிட்டாலும், அதை விட்டு நீந்திப் போகக் கூடாது. மரப் படகும், காற்றறையோ நுரையடைப்போ உள்ள ஃபைபர் படகும் தண்ணீர் நிறைந்த பின்னும் பெரும்பாலும் மிதந்துகொண்டே இருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே வைத்திருக்கலாம், தேடி வருபவர் கண்ணுக்கும் அது தெரியும். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்தத் தொடங்குபவர் பாதி வழியில் சோர்வார். ஆகாயத்தாமரையும் சேறும் உள்ள நகர ஏரியில் நல்ல நீச்சல்காரரின் காலும் சிக்கும். கரையில் நிற்பவர் குதிக்கக் கூடாது. கயிறு, துடுப்பு, சேலை, எது கைக்கு வருகிறதோ அதை நீட்டலாம். இறுக மூடிய காலி ஐந்து லிட்டர் கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டி வீசினால், ஒருவர் தலையை நீருக்கு மேல் வைத்திருக்க அது போதும். ஒவ்வொரு படகுத்துறையிலும் அப்படி நாலு கேன் தொங்க வேண்டும். மீட்கப் போகும் படகு, தத்தளிப்பவர்களின் நடுவே இஞ்சினை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. எல்லாரும் ஒரே விளிம்பைப் பிடித்து ஏறினால் அதுவும் கவிழும் என்பதால் ஒவ்வொருவராகத்தான் ஏற்ற வேண்டும். கரை சேர்த்தவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் தலைகீழாகத் தூக்குவதும் நேரத்தைக் கொல்லும் வேலை. அந்த நேரத்தில் 112க்கு ஒருவர் அழைக்க, இன்னொருவர் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பை அழுத்தத் தொடங்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் நாம் தவிக்கவில்லை. 1917ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021இல் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் வந்திருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017இலேயே படகுப் பாதுகாப்புக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டிருக்கிறது. அவை கோப்பிலிருந்து படகின் விலாவுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். அதைத் தொடங்க அல்சூரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. அலை இல்லாத ஏரி. விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய படகுகள். பக்கத்திலேயே ‘தம்பிகள்’ என்று அழைக்கப்படும் மெட்ராஸ் சாப்பர்ஸ் எனும் ராணுவப் பொறியாளர் படையின் மையம். மிதவைப் பாலம் போட்டு வண்டிகளை ஆறு கடத்துவது பொறியாளர் படைக்குத் தொழில். எந்த மிதவை எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது அவர்களுக்குப் புதிதல்ல. மணல் மூட்டைகளை எடைபோட்டு ஒவ்வொரு படகிலும் ஏற்றி, அவற்றில் பாதியை ஒரு பக்கம் நகர்த்திப் பார்த்து, அப்போதும் விளிம்பு ஒரு கையகலமாவது நீருக்கு மேல் நிற்கும் அளவில் கோடு போட ஒரு வார இறுதி போதும். பெடல் படகுக்கும் அதே சோதனைதான். செலவு மணலும் ஒரு டப்பா சாயமும். கோட்டை வரையவும் ஆண்டுக்கொரு முறை சரிபார்க்கவும் வேண்டியவர், படகு ஓட்டும் கழகத்தையோ குத்தகைக்காரரையோ சாராத பொறியாளராக இருக்க வேண்டும். அடுத்த முறை படகுத்துறைக்கு டெண்டர் விடும்போது மாநகராட்சியும் சுற்றுலாத் துறையும் மூன்று நிபந்தனைகளை அதில் சேர்க்கட்டும்: கட்டணம் படகுக்கு, தலைக்கு அல்ல; கோடு மூழ்கிய படகைக் கிளப்பினால் அன்றே உரிமம் ரத்து; கோடு மூழ்கியிருக்கிறது என்று துறையில் நிற்கும் எந்தப் பயணி சொன்னாலும், ஆட்களை இறக்கிச் சரிபார்க்காமல் அந்தப் படகை நகர்த்தக் கூடாது. இந்த மூன்றாவது நிபந்தனையை டிக்கெட் சன்னலுக்கு மேலே கன்னடத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.